கழுத்துக்குள் மறைந்திருக்கும் நான்கு மணிகள்

ஜேம்ஸ் பெட்ரம் கொலிப் (1892–1965)



குளிர் போனதும் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிகளோடு பூங்கன்றுகளும் நிரை நிரையாக வந்துவிடும். அந்தச் சந்தை 1933 இல் திறக்கப்பட்ட காலத்தில், ஒரு பூ வியாபாரியின் மகன் இதே மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவர்தான் ஜேம்ஸ் கொலிப். கழுத்தில் சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் பலருக்கு அவருடைய உழைப்பு இன்றும் உதவுகிறது. ஆனாலும் நம்மில் பலர் அவருடைய பெயரைக் கேட்டிருக்கமாட்டோம்.

கொலிப் 1892 நவம்பர் 20 ஆம் திகதி ஒன்ராறியோவின் பெல்வில் நகரில் பிறந்தார். 15 வயதிலேயே ரொறன்ரோவில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கினார். உயிர்இரசாயனத்தில் 1916 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். எட்மன்ரன் நகரிலுள்ள அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார்.

1921 இல் விடுமுறை பெற்று ரொறன்ரோவுக்குத் திரும்பினார். அங்கே பன்ரிங், பெஸ்ற் ஆகிய இருவரும் நீரிழிவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். 1922 ஜனவரி 11 ஆம் திகதி 14 வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு அவர்களுடைய மருந்தை ஏற்றினார்கள். அது சுத்தமாக இல்லாதபடியால் நல்ல பலன் கிடைக்கவில்லை. கொலிப் அந்தச் சாற்றை மதுசாரத்தைக் கொண்டு சுத்தப்படுத்தினார். ஜனவரி 23 முதல் அவருடைய மருந்தை ஏற்றியபோது சிறுவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அதன்பின் ஒரு சோதனை வந்தது. அதிக அளவில் இன்சுலின் செய்ய முயன்றபோது, கொலிப்பாலேயே தான் செய்த முறையைத் திரும்பச் செய்ய முடியவில்லை. மருந்துக்காக நோயாளர்கள் காத்திருந்தார்கள். வாரக்கணக்கில் எல்லோரும் பாடுபட்ட பிறகே அந்த முறை மறுபடியும் கைகூடியது. 1923 இல் நோபல் பரிசு பன்ரிங்கிற்கும் மக்லியொட்டிற்கும் கிடைத்தது. மக்லியொட் தனது பரிசுப் பணத்தில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார்.

எட்மன்ரனுக்குத் திரும்பிய கொலிப், கழுத்திலுள்ள ஒரு சிறிய பொருளில் தன் கவனத்தைத் திருப்பினார். நமது கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் தைரொயிட் சுரப்பி இருக்கிறது. அதன் பின்புறத்தில் அரிசிமணி அளவான சுரப்பிகள் பெரும்பாலும் நான்கு இருக்கும். அவைதான் பராதைரொயிட் சுரப்பிகள். லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில்தான் ரிச்சர்ட் ஓவன் என்பவர் இவற்றை முதலில் கண்டார். மனிதரின் கழுத்திலும் இவை உண்டு என்று 1880 இல் காட்டியவர் சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர் சான்ட்ஸ்ட்ரோம்.

இவை எதற்காக இருக்கின்றன என்று அக்காலத்தில் தெரியவில்லை. தைரொயிட் கட்டியை வெட்டி எடுக்கும்போது வைத்தியர்கள் அறியாமலே இவற்றையும் எடுத்துவிடுவார்கள். காயம் ஆறிவரும் வேளையில் நோயாளருக்குக் கைகால் இழுத்து வலிப்பு வரும். சிலர் இறந்தும் போனார்கள். இரத்தத்தில் கல்சியம் குறைந்துபோவதே அதற்குக் காரணம் என்பது பின்னர்தான் தெரிந்தது.

கொலிப் மாடுகளின் பராதைரொயிட் சுரப்பிகளை ஐதான அமிலத்தில் சூடாக்கி, அவற்றின் ஓமோனைப் பிரித்தெடுத்தார். சுரப்பிகள் அகற்றப்பட்டு வலிப்பால் துடித்த நாய்கள் அந்தச் சாற்றால் எழுந்து நின்றன. 1925 இல் இதை அறிவித்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹன்சன் என்ற வைத்தியரும் தனியாக இதே வேலையைச் செய்திருந்தார். இந்த ஓமோன் அளவுக்கு மிஞ்சினால் கல்சியம் ஏறி உயிருக்கே ஆபத்து வரும் என்பதையும் கொலிப்பின் பரிசோதனைகள் காட்டின.

அந்த அறிவு வேறொரு நோய்க்கும் வழிகாட்டியது. சிலருடைய பராதைரொயிட் சுரப்பியில் கட்டி வளர்ந்து ஓமோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். எலும்பிலுள்ள கல்சியம் கரைந்து இரத்தத்தில் சேரும். எலும்பு மெலியும், சிறுநீரகத்தில் கல் உண்டாகும். 1925 இல் வியன்னாவில் மண்டல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அப்படி ஒருவருக்கு முதலில் சுரப்பிச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. பின்பு கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்தார். படுக்கையில் கிடந்தவர் நடக்கத் தொடங்கினார். குறைந்ததா, கூடியதா என்று முதலில் அறிவது எவ்வளவு அவசியம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

1928 இல் கொலிப் மக்கில் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனப் பேராசிரியரானார். கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் இந்த நகரில் வேறு பல ஓமோன்களையும் ஆராய்ந்தார். 1947 இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் மருத்துவ பீடத்தின் தலைவரானார். அங்கேயே 1965 ஜூன் 19 இல் காலமானார்.

இன்று இந்த நோயை அறிய முதலில் செய்வது இரத்தப் பரிசோதனைதான். கல்சியமும் பராதைரொயிட் ஓமோனும் சேர்ந்து கூடியிருந்தால் சந்தேகம் எழும். எந்தச் சுரப்பி வீங்கியுள்ளது என்று ஸ்கான் செய்து தேடி, அதை மட்டும் எடுத்துவிடுவார்கள். இப்படியான கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

நமது வீடுகளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்தால் கல்சியத்தைப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டாலோ, குரல் அடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ தள்ளிப்போடாதீர்கள். தைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உதட்டைச் சுற்றியோ விரல் நுனிகளிலோ விறைத்தால் உடனே சொல்லுங்கள். கல்சியமும் விற்றமின் டி-யும் கொடுத்துச் சரிப்படுத்துவார்கள்.

சிறுவர்களே, அம்மம்மாவோ அப்பப்பாவோ இவற்றில் ஒன்றைச் சொல்லி, பரவாயில்லை என்று விட்டுவிட்டால் நீங்கள் விடாதீர்கள். அப்பா அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.