பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 - ஆகஸ்ட் 23, 1888) ஓர் ஆங்கிலேய இயற்கையியலாளரும் நூலாசிரியரும் ஆவார். வீடுகளில் கடல்நீர்த் தொட்டி அமைத்துக் கடல்வாழ் உயிரினங்களைப் பேணும் வழக்கத்தைப் பிரித்தானியாவில் பரப்பியவர்களுள் முதன்மையானவர். அத்தொட்டிகளில் தோன்றும் புழு முதலிய சிற்றுயிர்களைப் பொதுமக்களே இனங்காண உதவும் கையேட்டையும் எழுதினார்.

இளமை

வூஸ்டர் நகரில் பிறந்து, பூல் என்னும் துறைமுக நகரில் வளர்ந்தார். இவரது தந்தை சிற்றோவியக் கலைஞர். 1827 ஆம் ஆண்டு நியூபவுண்ட்லாந்து சென்று எழுத்தராகப் பணியாற்றினார். 1832 இல் அங்கு வாங்கிய நுண்ணோக்கி பற்றிய பழைய நூலொன்று இவரை இயற்கை ஆய்வின்பால் திருப்பியது. பின்னர் கனடாவில் வேளாண்மையும் அலபாமாவில் ஆசிரியப் பணியும் மேற்கொண்டு 1839 இல் நாடு திரும்பினார்.

கடல்நீர்த் தொட்டி

1852 இல் உடல்நலம் குன்றியதால் டெவன் கடற்கரைக்குச் சென்ற கோஸ், கடற்பாசிகளையும் விலங்குகளையும் ஒரே தொட்டியில் வளர்த்து ஆராய்ந்தார். பாசிகள் வெளியிடும் ஆக்சிசன் விலங்குகளை வாழவைப்பதால் நீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. 1853 மே மாதம் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்துக்கு உயிரினங்களைச் சேகரித்து அளித்தார். 1854 இல் வெளியான இவரது 'தி அக்வேரியம்' என்னும் நூல் இம்முறையை வீடுகள்தோறும் கொண்டுசென்றது. கடலுக்குத் தொலைவில் வாழ்வோருக்காக, நான்கு வகை உப்புகளை நன்னீரில் கலந்து செயற்கைக் கடல்நீர் உருவாக்கும் முறையையும் அதே ஆண்டு வெளியிட்டார்.

புழுக்களை இனங்காணல்

கடலிலிருந்து எடுத்துவரும் கற்களின் இடுக்குகளிலும் பாசிகளிலும் ஒளிந்திருக்கும் புழுக்கள், வளர்ப்போர் அறியாமலே தொட்டியை அடைகின்றன. இவற்றைப் பிரித்தறிய உடலமைப்பே துணை செய்கிறது. உடல் வளையங்களும் பக்கவாட்டில் சுணைகளும் உடையவை வளையப் புழுக்கள். இலைபோல் மெல்லியதாய், வளையமின்றி வழுக்கிச் செல்பவை தட்டைப் புழுக்கள். சுண்ணாம்புக் குழாயினுள் இருந்துகொண்டு விசிறிபோன்ற செவுள்களை விரிப்பது செர்புலா.

கோஸ் இரு பகுதிகளாக (1855, 1856) வெளியிட்ட பிரித்தானியக் கடல் விலங்கியல் கையேடு, இத்தகைய புழுக்கள் உட்பட கடல் விலங்குகளை வகுப்பு முதல் பேரினம் வரை வரிசைப்படுத்தியது. ஏறத்தாழ 700 படங்களைக் கொண்ட இக்கையேட்டின் துணையுடன், பயிற்சியற்றவரும் தாம் கண்டெடுத்த உயிரின் பெயரை அறிய முடிந்தது. 1856 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1859 இல் வெளியான நுண்ணோக்கி பற்றிய நூலில் புழுக்களின் நுண்ணமைப்பை விளக்கினார்.

பிற்காலம்

1857 இல் மனைவி எமிலி புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு, நிலவியல் சான்றுகளை விவிலியப் படைப்புக் கதையுடன் பொருத்த முயன்று இவர் எழுதிய 'ஓம்பலோஸ்' என்னும் நூல் அறிவியலாளராலும் சமயவாதிகளாலும் புறக்கணிக்கப்பட்டது. டார்க்கி அருகிலுள்ள செயின்ட் மேரிசர்ச்சில் குடியேறி, கடற்சாமந்திகள் பற்றிய பெருநூலை (1858-1860) எழுதினார். அங்கேயே காலமானார்.

விளைவுகள்

கோசின் நூல்களைப் படித்தோர் பெருந்திரளாகக் கடற்கரைக்குச் சென்று, பாறைக் குட்டைகளிலிருந்த உயிரினங்களை வாரிச் சென்றனர். பல குட்டைகள் வெறுமையாயின. உயிர்களை மதித்துப் பேணிய கோஸ், தம் நூல்களின் புகழே இவ்வழிவுக்குக் காரணமானதை எண்ணி வருந்தினார். இதனை இவரது மகன் எட்மண்ட் கோஸ், 1907 இல் வெளியான 'தந்தையும் மகனும்' என்னும் தன்வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்.