ஊட்டியை உண்டாக்கிய கலெக்டர்

ஊட்டிக்குப் போகாதவர்கள் உண்டு. ஊட்டியின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. கள்ளக்குறிச்சி சந்தையில்கூட முட்டைக்கோஸையும் காரட்டையும் ஊட்டிக் காய் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

அந்த ஊர் இப்போதுள்ள உருவத்தில் தானாக உண்டாகவில்லை. ஒருவர் உண்டாக்கினார். அவர் பெயர் ஜான் சல்லிவன். கோயம்புத்தூர் ஜில்லாவின் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர்.

மேல்நாட்டுப் பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாட சுவிட்சர்லாந்துக்குப் போகிறார்கள். அங்கே ஆல்ப்ஸ் மலையில் செயின்ட் மோரிட்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ராஜாக்களும் கோடீஸ்வரர்களும் போய்த் தங்கும் ஊர். கோடைக்கு வந்திருந்த இங்கிலீஷ்காரர்களை ஓர் ஓட்டல்காரர் குளிர்காலத்திலும் வரச் சொன்னாராம். அது 1864-ம் வருஷம். அதிலிருந்து அந்த ஊருக்கு யோகம் பிறந்தது. 1928-லும் 1948-லும் குளிர்கால ஒலிம்பிக் பந்தயமே அங்கு நடந்தது.

ஆனால் அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே இங்கிலீஷ்காரர்கள் நமது நீலகிரியில் குளிரைத் தேடி வந்து ஊர் கட்டிவிட்டார்கள்! இங்கே சறுக்கி விளையாடப் பனிமலை கிடையாது. மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும். அவ்வளவுதான். அந்தக் குளிரே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மலை ஏறிய கதை

சல்லிவன் 1788-ம் வருஷம் லண்டனில் பிறந்தார். இருபது வயது நிரம்பும் முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்குச் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது இந்த நாட்டை ஆண்டது கம்பெனிதான். படிப்படியாக உயர்ந்து, முப்பது வயதுக்குள் கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார்.

கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து வடக்கே பார்த்தால் நீலகிரி சுவர் மாதிரி நிற்கும். அதன் மேலே என்ன இருக்கிறது என்று வெள்ளைக்காரர்களுக்குச் சரியாகத் தெரியாது. 1818-ல் சல்லிவனின் கீழ் வேலை பார்த்த விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் மேலே போய் வந்தார்கள். புகையிலை கடத்தியவர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு. எதற்குப் போனார்களோ, திரும்பி வந்து சொன்ன சேதி கலெக்டரின் மனதைப் பிடித்துக்கொண்டது. மேலே கடுங்கோடையிலும் குளிர் காற்று! பச்சைப் புல்வெளி! ஓடும் தண்ணீர்!

1819 ஜனவரி 2-ந் தேதி சல்லிவன் சிறுமுகையிலிருந்து புறப்பட்டார். சிப்பாய்களும் சுமை தூக்கிகளும் கூட வந்தார்கள். பாதை கிடையாது. செங்குத்தான பாறை, அடர்ந்த காடு. வழியில் சிலர் உயிரை விட்டார்கள் என்றும் சொல்வார்கள். ஆறு நாள் கஷ்டப்பட்டு, கோத்தகிரிப் பக்கத்தில் திம்பட்டி என்ற இடத்தை அடைந்தார்கள்.

அதே வருஷம் லெஷனால் என்ற பிரெஞ்சு தாவர நிபுணரையும் சல்லிவன் மலைக்கு அழைத்துப் போனார். அவர் உடம்பு நலிந்திருந்தவர். மலைக் காற்று பட்டதும் தேறிவிட்டார். இந்த நாட்டு வெயிலிலும் காய்ச்சலிலும் அடிபட்டுக் கிடந்த வெள்ளைக்காரர்களுக்கு இது பெரிய செய்தி. சீமைக்குக் கப்பல் ஏறாமலே உடம்பைத் தேற்றிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது என்று சல்லிவன் சென்னைக்கு ஓயாமல் எழுதினார்.

கோத்தகிரி அருகே கண்ணேரிமுக்கில் அவர் ஒரு வீடு கட்டினார். நீலகிரியில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு அதுதான். கையோடு, சிறுமுகையிலிருந்து மேலே பாதை போடும் வேலையும் தொடங்கியது. அந்தப் பாதை 1823-ல் முடிந்தது. மண் வெட்டிக் கல் உடைத்தவர்களில் சிறைக் கைதிகளும் இருந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கல் பங்களா

கோத்தகிரியோடு சல்லிவன் நிற்கவில்லை. இன்னும் மேற்கே, தொட்டபெட்டா சிகரத்துக்கு அப்பால், தோடர்களின் ஒரு மந்து இருந்தது. மந்து என்றால் அவர்களுடைய குடியிருப்பு. ஒற்றைக்கல் மந்து என்பதே உதகமண்டலம் ஆயிற்று என்பார்கள். ஏழாயிரம் அடிக்கு மேலே உள்ள இடம்.

அங்கே தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் சல்லிவன் நிலம் வாங்கினார். 1822-ல் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். ஊரார் அதற்கு வைத்த பெயர் கல் பங்களா. ஊட்டி என்ற நகரத்துக்கு அதுதான் முதல் வீடு. அவருடைய மனைவி ஹென்ரியட்டா அங்கே வந்து குடியிருந்தார். அந்த மலையில் குடித்தனம் செய்த முதல் வெள்ளைக்காரப் பெண்மணி அவர்தான்.

சல்லிவனுக்குத் தோட்டம் என்றால் உயிர். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பார்லி, சீமைப் பழமரங்கள் எல்லாம் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார். எது பிழைக்கிறது, எது கருகுகிறது என்று கவனித்தார். படகர்கள் நல்ல உழவர்கள். புதுப் பயிரை அவர்களும் கற்றுக்கொண்டார்கள். நம் சந்தைக்கு வரும் ஊட்டிக் காயின் வரலாறு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

1823-ல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு ஏரி வெட்டும் வேலையையும் தொடங்கினார். இன்று படகு விடுகிறார்களே, அதே ஏரிதான். ஆனால் அதை வெட்டியது படகு விடுவதற்காக அல்ல. கோடையில் கீழே சமவெளிப் பயிருக்குத் தண்ணீர் விடலாம் என்பது கலெக்டரின் எண்ணம்.

1826-ல் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஊட்டிக்கு வந்தார். சல்லிவனின் விருந்தாளியாகத் தங்கினார். கவர்னரே வந்து போன பிறகு கேட்க வேண்டுமா? ஊட்டிக்கு மவுசு ஏறியது.

மலை யாருடையது?

இங்கேதான் சல்லிவனுக்கு வந்தது தொல்லை.

நம் பக்கத்துக் கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்கள். அங்கே மூன்று ஜாகிர்தார்கள் இருந்தார்கள். 1976-ல்தான் அந்த மலை அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. அதுவரை மலைக்கு அதிபதி யார் என்றால் கை நீட்டிக் காட்ட ஆள் இருந்தது. நீலகிரியில் தோடர்களுக்கு ஜாகிர் கிடையாது. பட்டா கிடையாது. எழுத்தே கிடையாது. எருமைகளும் புல்வெளியும்தான் அவர்கள் சொத்து.

எழுத்து இல்லாவிட்டால் சொந்தம் இல்லையா? தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த புல்வெளி தோடர்களுடையதுதான் என்று சல்லிவன் அடித்துச் சொன்னார். வீடு கட்ட வருகிற வெள்ளைக்காரன் யாராக இருந்தாலும் அவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் நிலம் எடுக்க வேண்டும் என்றார்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. ஏக்கர் ஒரு ரூபாய் என்பது அந்தக் காலத்திலும் பெரிய விலை அல்ல. அந்த விலையில் நிறைய நிலத்தை வளைத்துப்போட்டவர்களில் முதல் ஆள் சல்லிவனேதான். அவருடைய விரோதிகள் இதைச் சொல்லியே அவரைக் குத்தினார்கள். சொல்வதற்கு இடமும் இருந்தது. ஆனால் அவராவது விலை கொடுத்தார். பிறகு வந்தவர்களில் பலர் அதையும் தண்டம் என்று நினைத்தார்கள்.

மன்றோ 1827-ல் காலராவில் இறந்துபோனார். அடுத்து லஷிங்டன் கவர்னராக வந்தார். அவருக்கும் ஊட்டி மேல் ஆசை. ஆனால் சல்லிவனைப் பிடிக்கவில்லை. ஊட்டியைப் பட்டாளத்தாரின் ஆரோக்கிய ஸ்தலம் ஆக்கி, ராணுவ அதிகாரியின் பொறுப்பில் விட்டார். 1830-ல் நீலகிரியின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் ஜில்லாவில் சேர்த்துவிட்டார்கள். சல்லிவன் வளர்த்த ஊர் அவர் கையை விட்டுப் போயிற்று. அந்த வருஷமே கலெக்டர் பதவியையும் விட்டார்.

நிலத் தகராறு மட்டும் ஓயவில்லை. 1843-ல் கம்பெனியின் டைரக்டர்கள் லண்டனிலிருந்து முடிவு சொன்னார்கள். தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, நிலம் சொந்தமில்லை என்பதே அந்த முடிவு. எருமை மேய்ந்த இடங்களில் பங்களாக்களும் தோட்டங்களும் பெருகின.

கடைசிக் காலம்

சல்லிவன் மறுபடியும் சென்னைக்கு வந்து பெரிய உத்தியோகங்கள் பார்த்தார். ரெவினியூ போர்டு மெம்பராகவும், கவர்னரின் ஆலோசனை சபை மெம்பராகவும் இருந்தார். ஆனால் வீட்டில் துக்கம் வந்தது. மூத்த மகளும், மனைவி ஹென்ரியட்டாவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். இருவரையும் ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து உத்திரங்களைக் கொண்டுவந்து கட்டினார்களே, அதே மாதா கோயில்தான்.

1841-ல் சல்லிவன் மிச்சமிருந்த பிள்ளைகளுடன் கப்பல் ஏறிவிட்டார்.

சீமைக்குப் போயும் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவின் செல்வமெல்லாம் உறிஞ்சப்பட்டு இங்கிலாந்துக்குப் போகிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். சதாரா ராஜ்யத்தைக் கம்பெனி பறித்துக்கொண்டது அநியாயம் என்று புத்தகம் எழுதினார். பெரிய உத்தியோகங்களை இந்தியர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். கம்பெனியின் சம்பளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஒருவர் இப்படிப் பேசியது அந்தக் காலத்தில் சாதாரணமல்ல.

1855 ஜனவரியில் அவர் காலமானார். லண்டனுக்குப் பக்கத்தில் அப்டன் என்ற ஊரில் அடக்கம். அவர் கல்லறை புதர் மண்டிப் பல காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அண்மைக் காலத்தில்தான் நீலகிரி வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல் பங்களா இன்றும் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் கேட்டுப் போக வேண்டும். கண்ணேரிமுக்கு வீட்டையும் பழுது பார்த்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து கொஞ்ச தூரம்தான்.