கையை அசைத்தால் இசை, வாயைத் திறந்தால் ஒட்டுக்கேட்பு... 100 ஆண்டுகளுக்கு முன்பே அறைகளை 'விழிக்க வைத்த' லியோன் தெரமின்!

அறைக்குள் நுழைந்தால் தானாக லைட் எரிகிறது. கையை அசைத்தால் குழாயில் தண்ணீர் வருகிறது. மால் வாசலில் போய் நின்றாலே கதவு திறக்கிறது. இதையெல்லாம் நாம் 'ஸ்மார்ட்' என்கிறோம். ஏதோ நேற்று வந்த டெக்னாலஜி என்றும் நினைக்கிறோம்.

ஆனால், மனிதன் எதையும் தொடாமல், வெறும் உடல் அசைவால் ஓர் இயந்திரத்தை இயக்கலாம் என்பதை 1920லேயே செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். லெனின் முன்னால் அதை வாசித்துக் காட்டினார், அமெரிக்காவில் கொண்டாடப்பட்டார், சைபீரிய சிறை முகாமில் கிடந்தார், கைதியாகவே உளவுக் கருவிகள் செய்தார், கடைசியில் ஒரு சாதாரண டெக்னீஷியனாக வேலை பார்த்தார். 97 வயது வரை வாழ்ந்த அவர் பெயர் லியோன் தெரமின்.

யார் இவர்?

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1896ல் பிறந்தவர். ரஷ்யப் பெயர் லெவ் செர்கேயவிச் தெர்மென். மேற்குலகில் அது லியோன் தெரமின் ஆனது. சின்ன வயதிலிருந்தே இரண்டு விஷயங்களில் பைத்தியம். ஒன்று மின்சாரம், இன்னொன்று இசை. ஒரு பக்கம் இயற்பியல் படித்தார், இன்னொரு பக்கம் செல்லோ வாசிக்கக் கற்றார். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் ரேடியோ இன்ஜினீயர்.

புரட்சி முடிந்த சமயம், பிரபல இயற்பியலாளர் ஆப்ரம் யோஃபே நடத்திய ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வாயுக்களின் மின் பண்புகளை அளக்க ஒரு கருவி செய்யச் சொன்னார்கள். அளவு மாறுவதைக் காதால் கேட்க முடிந்தால் வசதியாக இருக்குமே என்று, ஒலி எழுப்பும் ஒரு சர்க்யூட்டை அதில் சேர்த்தார் தெரமின்.

அங்கேதான் ட்விஸ்ட். கருவியின் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் ஒலியின் சுருதி மாறியது. கையை விலக்கினால் திரும்பவும் மாறியது. வேறு யாராவது இருந்திருந்தால், கருவியில் ஏதோ கோளாறு என்று சரி செய்யப் பார்த்திருப்பார்கள். தெரமினோ செல்லோ வாசித்தவர். கையை முன்னும் பின்னும் அசைத்து, தனக்குத் தெரிந்த மெட்டுகளை அதில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். 1920ல் இப்படித்தான் 'தெரமின்' என்ற இசைக்கருவி பிறந்தது.

தொடாமல் எப்படி இசை வரும்?

வீட்டில் பழைய டிவி இருந்த காலம் நினைவிருக்கிறதா? ஆன்டெனா பக்கத்தில் ஆள் நின்றால் படம் தெளிவாக வரும், நகர்ந்தால் புள்ளி புள்ளியாகிவிடும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அதனால் பக்கத்தில் இருக்கும் மின்புலத்தை அது எப்போதும் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

தெரமின் கருவியில் இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கும். நேராக நிற்பது சுருதிக்கு, பக்கவாட்டில் வளையமாக இருப்பது ஒலி அளவுக்கு. ஆன்டெனாவும் வாசிப்பவரின் கையும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர், அதாவது மின்தேக்கி ஆகிவிடுகிறது. கை நெருங்க நெருங்க அதன் மின்தேக்குத்திறன் மாறும்.

சரி, அது எப்படிப் பாட்டாகிறது? உள்ளே இரண்டு ரேடியோ அலைகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று மாறாதது, மற்றொன்று கையின் தூரத்தைப் பொறுத்து மாறுவது. இரண்டுமே நம் காதுக்குக் கேட்காது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேட்கும். உதாரணத்துக்கு, ஒன்று நொடிக்கு 3,00,000 அதிர்வு, மற்றொன்று 3,00,440 என்றால், நமக்குக் கேட்பது 440 அதிர்வு கொண்ட ஒரு ஸ்வரம். கையை லேசாக நகர்த்தினால் அந்த வித்தியாசம் மாறும், ஸ்வரமும் மாறும். அவ்வளவுதான் விஷயம்.

லெனின் முன்னால் ஒரு டெமோ

இதே தத்துவத்தில் தெரமின் இன்னொரு கருவியும் செய்திருந்தார். யாராவது நெருங்கினால் மணி அடிக்கும் அலாரம். ஒரே சர்க்யூட்தான். கலைஞன் கிட்டே வந்தால் இசை, திருடன் கிட்டே வந்தால் எச்சரிக்கை. இந்த இரண்டு முகங்களும் அவர் வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்து வந்தன.

1922ல் கிரெம்ளினில் லெனினுக்கு முன்னால் இரண்டையும் செய்து காட்டினார். அலாரத்தை எப்படியாவது ஏமாற்றிவிடலாம் என்று அங்கிருந்த ராணுவ அதிகாரி ஒருவர் உடம்பைத் துணியால் மறைத்துக்கொண்டு மெல்லத் தவழ்ந்து போனதாகவும், அப்படியும் மணி அடித்துவிட, லெனின் சிரித்ததாகவும் தெரமின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். லெனினும் அந்த இசைக்கருவியை வாசித்துப் பார்த்தார். மின்சாரத்தை நாடு முழுக்கக் கொண்டுபோக நினைத்த அரசுக்கு, மின்சாரத்தின் அழகைக் காட்ட இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. தெரமின் ஊர் ஊராக அனுப்பப்பட்டார். 1920களின் நடுவில், ஆரம்பகால டெலிவிஷன் ஒன்றையும் உருவாக்கினார்.

நியூயார்க் நாட்கள்

1927ல் ஐரோப்பா டூர். ஜெர்மனி, லண்டன், பாரிஸ் என்று போன இடமெல்லாம் கூட்டம். அந்த ஆண்டு இறுதியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1928ல் அமெரிக்க காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் உரிமம் வாங்கி, 1929ல் தெரமின் கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விசிலடிக்கத் தெரிந்த யாரும் இதை வாசிக்கலாம் என்கிற ரீதியில் விளம்பரம் செய்தார்கள்.

இரண்டு சிக்கல்கள். ஒன்று, கருவி கடைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பங்குச் சந்தை சரிந்தது. இரண்டு, அதை வாசிப்பது உண்மையில் ரொம்பக் கஷ்டம். வீணையில் மெட்டு இருக்கும், பியானோவில் கட்டை இருக்கும். தெரமினில் வெறும் காற்றுதான். எந்த ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பதைக் காதை மட்டும் நம்பிக் கண்டுபிடிக்க வேண்டும். விரல் கொஞ்சம் நடுங்கினாலும் அபஸ்வரம். சுமார் 500 கருவிகளோடு அந்த முயற்சி முடிந்தது.

ஆனால் தெரமின் நிற்கவில்லை. நியூயார்க் ஆய்வகத்தில் அவர் அடுத்துச் செய்தது இன்னும் சுவாரஸ்யம். கைக்குப் பதில் முழு உடம்பையும் கருவியாக்கினால் என்ன? அதுதான் 'டெர்ப்சிடோன்'. தரைமேடைக்கு அடியில் ஓர் உலோகத் தகடு. மேலே நடனக் கலைஞர். அவர் உடலை உயர்த்தினால் சுருதி ஏறும், குனிந்தால் இறங்கும். இசைக்கு ஏற்ப ஆடுவதுதான் வழக்கம். இங்கே ஆட்டத்துக்கு ஏற்ப இசை வந்தது. மனிதனின் இயல்பான அசைவைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் அறை என்று இன்று ஆய்வாளர்கள் பேசும் விஷயத்தின் ஆரம்பப் புள்ளிகளில் இதுவும் ஒன்று.

1932ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் இதை அரங்கேற்றியபோது ஒரு பிரச்னை. நடனக் கலைஞர்களுக்கு உடம்பைக் கட்டுப்படுத்தத் தெரியும், ஆனால் சுருதி பிடிக்க முடியவில்லை. கடைசியில் மேடையேறியவர் கிளாரா ராக்மோர். நடனக் கலைஞர் அல்ல, வயலின் மேதை. கையில் ஏற்பட்ட பாதிப்பால் வயலினை விட்டவர். தெரமின் கருவி அவருக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுத்தது. பதிலுக்கு அவரும் கருவியில் என்ன குறை, எதை மாற்றலாம் என்று சொல்லி அதை ஒரு முழுமையான இசைக்கருவியாக்கினார். இன்றுவரை தெரமின் வாசிப்பில் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையதுதான்.

தெரமினுக்கு கிளாரா மேல் காதல். அவருடைய 18வது பிறந்தநாளுக்கு ஒரு கேக் செய்து கொடுத்தார். கிளாரா பக்கத்தில் வந்ததும் கேக் சுற்றும், மெழுகுவர்த்தி ஒளிரும்! ஆனால் கிளாரா வேறொருவரை மணந்தார்.

1938ல் கறுப்பின பாலே கலைஞர் லவீனியா வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டார் தெரமின். இனப் பாகுபாடு உச்சத்தில் இருந்த அன்றைய அமெரிக்காவில், அதுவரை அவரைக் கொண்டாடிய பலர் கதவைச் சாத்தினார்கள். ஏற்கெனவே கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு ரகசியமும் இருந்தது. அமெரிக்காவில் இருந்த காலம் முழுக்க சோவியத் உளவுத்துறையோடு தொடர்பில் இருந்ததை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

திடீரென்று காணாமல் போனார்

அதே 1938 செப்டம்பரில் தெரமின் ஒரு சோவியத் கப்பலில் ஏறினார். கடத்தப்பட்டார் என்று ஒரு தரப்பு, கடனுக்கும் வரப்போகும் போருக்கும் பயந்து தானாகவே போனார் என்று இன்னொரு தரப்பு. லவீனியா அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

ஊர் திரும்பியவருக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. ஸ்டாலின் காலம் அது. வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்றாலே சந்தேகம். 1939ல் கைதானார். 8 ஆண்டு தண்டனை. குளிருக்கும் மரணத்துக்கும் பெயர்போன கொலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறகு, விஞ்ஞானிகளையும் இன்ஜினீயர்களையும் கைதிகளாகவே வைத்து வேலை வாங்கிய 'ஷரஷ்கா' என்ற சிறை ஆய்வகத்துக்கு மாற்றப்பட்டார். விமான வடிவமைப்பாளர் துபொலேவும், பின்னாளில் சோவியத் ராக்கெட்டுகளை விண்ணுக்கு அனுப்பிய கொரலேவும் அதே ஆய்வகத்தில் கைதிகளாக இருந்தவர்கள். மேற்குலகில் பலர், தெரமின் செத்துவிட்டார் என்றே நினைத்தார்கள்.

சுவரில் மாட்டிய பரிசு

1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர்கள் சிலர், மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. தூதரும் சந்தோஷமாகத் தன் இல்லத்தில் மாட்டிக்கொண்டார். 7 ஆண்டுகள் கழித்து, 1952ல்தான் உண்மை தெரிந்தது. உள்ளே ஓர் ஒட்டுக்கேட்புக் கருவி!

அதில் பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. வெளியில் இருந்து ரேடியோ அலையை அனுப்பினால் மட்டும் உயிர்பெறும். மற்ற நேரத்தில் வெறும் உலோகத் துண்டு. அதனால்தான் சோதனைகளில் சிக்கவில்லை. இதை வடிவமைத்தவர் கைதி தெரமின்.

எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் அதிர்ச்சி. அறையில் யாராவது பேசினால், கருவிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அதிரும். சவ்வு நகர நகர மின்தேக்குத்திறன் மாறும். திரும்பிப் போகும் அலையில் அந்த மாற்றம் பதிவாகும். வெளியே இருப்பவர் அதைப் பேச்சாகக் கேட்கலாம். ஆம், 1920ல் கை அசைவை இசையாக்கிய அதே அடிப்படைதான். கையின் இடத்தில் சவ்வு. இசையின் இடத்தில் தூதரின் ரகசியம்.

கண்ணாடி ஜன்னலின் அதிர்வைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் படித்து, உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கும் 'புரான்' என்ற அமைப்பையும் உருவாக்கினார். 1947ல் அவருக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. விடுதலையும் அதே ஆண்டுதான். அதன் பிறகும் 1960கள் வரை உளவுத்துறைக்கே வேலை பார்த்தார். மறுமணம் செய்து, இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தந்தையானார்.

திரும்பவும் இசை

உளவு வேலை முடிந்ததும் தெரமின் போன இடம் மாஸ்கோ இசைக் கல்லூரி. தன் பழைய கருவிகளைத் திரும்பச் செய்யத் தொடங்கினார். 1967ல் அங்கு வந்த நியூயார்க் டைம்ஸ் இசை விமர்சகர் ஒருவர், தெரமின் உயிரோடு இருப்பதைப் பார்த்து எழுதினார். உலகத்துக்கு அது நல்ல செய்தி, அவருக்கோ ஆபத்து. நிர்வாகம் அவரை வேலையை விட்டு அனுப்பியது. கருவிகள் உடைத்து வீசப்பட்டன. அப்போது அவருக்கு 70 வயது.

அடுத்து மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு சாதாரண டெக்னீஷியன் வேலை. அங்கிருந்தபடியே உறவுக்காரச் சிறுமி லிடியா கவீனாவுக்கு 9 வயதிலிருந்து தெரமின் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுமி பின்னாளில் உலகம் அறிந்த தெரமின் கலைஞர் ஆனார்.

சோவியத் ஆட்சி தளர்ந்த பிறகுதான் வெளிநாடு போக முடிந்தது. 1991ல், 95 வயதில், நியூயார்க்கில் திரும்பவும் கிளாராவைச் சந்தித்தார். 1993 நவம்பர் 3ஆம் தேதி மாஸ்கோவில் காலமானார்.

இன்று ஏன் இவர் முக்கியம்?

தெரமின் கருவிகளைச் செய்து விற்றுத் தொழில் கற்றவர்தான் சிந்தசைஸர் உலகின் முன்னோடி ராபர்ட் மூக். 1990களில் எம்.ஐ.டி. மீடியா லேபில், உட்கார்ந்தவரின் கை அசைவை மின்புலத்தால் படித்து இசையாக்கும் நாற்காலி செய்தார்கள். நம் போனின் டச் ஸ்கிரீனும் விரலால் மாறும் மின்தேக்குத்திறனைத்தான் படிக்கிறது. எல்லா சென்சாரும் இதே முறையில் இயங்குவதில்லை. தானாக எரியும் லைட் பலவும் உடல் வெப்பத்தைப் பார்ப்பவை. ஆனால் ஆசை ஒன்றுதான். பட்டனைத் தேடாமல், நாம் இயல்பாக அசைவதையே அறை புரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு அறை நம்மை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேதான் தெரமினின் கதை நம்முடையதாகிறது. நெருங்கினால் சுற்றும் கேக்கையும், தூதரின் பேச்சைக் கேட்ட மரப் பலகையையும் செய்தது ஒரே ஆள்தான். முதலாவதை அவர் ஆசைப்பட்டுச் செய்தார். இரண்டாவதைக் கைதியாக இருந்தபோது செய்யவைத்தார்கள். வித்தியாசம் கருவியில் இல்லை, அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான். வீட்டுக்குப் புது ஸ்மார்ட் சாதனம் வாங்கும்போது அது என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்கிறோம். அது கவனிப்பது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.