மெழுகுவர்த்தியை வைத்துப் பாடம் சொன்ன மேதை



அறிவியல் படிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும், நம்ம பிள்ளைகளுக்கு அதெல்லாம் எட்டுமா என்று நினைக்கிறீர்களா? மைக்கேல் ஃபாரடேயின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

அவர் 1791-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லண்டனை அடுத்த ஓர் ஊரில், ஓர் ஏழைக் கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிந்ததோடு பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. 1805-இல் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருஷம் அங்கேதான். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை வாசித்தார். வாசித்ததோடு விடாமல், கையில் கிடைத்த சாமான்களை வைத்துத் தானே செய்தும் பார்த்தார்.

1812-இல் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதினார். அதை அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் கண்டறிந்தார். இன்றைக்கும் ஜெனரேட்டர் அந்த முறையில்தான் கரண்டு கொடுக்கிறது.

இவ்வளவு பெரிய மனிதர் சிறுபிள்ளைகளை மறக்கவில்லை. 1827 முதல் 1860 வரை, 19 கிறிஸ்துமஸ் பருவங்களில் அவர்களுக்காகவே பாடம் நடத்தினார். கடைசியாக எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? ஒரு சாதாரண மெழுகுவர்த்தி! அதை வைத்து ஆறு பாடங்கள்.

எரியும் சுடரின் நடுவில் சிறு கண்ணாடிக் குழாயை வைத்து, மறுமுனையில் வரும் ஆவியைக் கொளுத்திக் காட்டினார். உருகிய மெழுகு ஆவியாகித்தான் எரிகிறது என்பது பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே விளங்கியது. மெழுகுவர்த்தி எரிந்து வரும் காற்று தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைப் பால்போல் ஆக்கியது. நாம் விடும் மூச்சும் அப்படியே ஆக்கியது. சுடரில் நடப்பதைப் போன்ற ஒன்று நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது என்று புரிய வைத்தார்.

1867-இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை. பாடப் புத்தகத்தை வாசித்து ஒப்பிப்பது மட்டும் அறிவியல் ஆகாது. செய்து காட்ட வேண்டியது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை. பெற்றோர்களே, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வீட்டில் இருக்குமே! பிள்ளை அதில் கொஞ்சம் கேட்டால் விரட்டாதீர்கள். பக்கத்தில் இருந்து, எதற்கு என்று விசாரியுங்கள். அந்தக் கொல்லர் மகனும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தார்.