மகன் பெயரைக் கதாநாயகனுக்குச் சூட்டினார்

1866-ம் ஆண்டு. ரஷிய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி கடனில் தத்தளித்துக் கொண்டிருந்தார். 2 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே வருடத்தில் அவருடைய மனைவியும் அண்ணனும் இறந்து போனார்கள். அண்ணன் பட்ட கடனும், அண்ணன் குடும்பமும் இவர் தலையில் விழுந்தன.

ஒரு பதிப்பாளரிடம் பணம் வாங்கியிருந்தார். குறித்த நாளுக்குள் புதிய நாவலைக் கொடுக்க வேண்டும். தவறினால், 9 ஆண்டுகளுக்கு இவர் எழுத்தை அந்தப் பதிப்பாளர் காசு கொடுக்காமலே வெளியிட்டுக் கொள்ளலாம். அப்படி ஓர் ஒப்பந்தம்!

இவர் சொல்லச் சொல்ல, அன்னா என்ற பெண் சுருக்கெழுத்தில் எழுதினார். 26 நாளில் நாவல் முடிந்தது. மறு ஆண்டு இருவருக்கும் திருமணம். அவருக்கு வயது 45, அன்னாவுக்கு 20.

கடன்காரர்களுக்குப் பயந்து தம்பதிகள் வெளிநாடு போனார்கள். 1868-ல் ஜெனீவா நகரில் முதல் குழந்தை சோனியா பிறந்தது. 3 மாதத்தில் இறந்து விட்டது.

தகப்பனாரின் நோய்

ரஷியா திரும்பிய பிறகு, 1875-ல் கடைக்குட்டி அலெக்சி பிறந்தான். செல்லப் பெயர் அலியோஷா.

தாஸ்தாயெவ்ஸ்கிக்கு நெடுநாளாகக் காக்காய் வலிப்பு உண்டு. 1878 மே மாதம் ஒருநாள், அலியோஷாவுக்கும் திடீரென்று வலிப்பு வந்தது. நிற்கவே இல்லை. அன்றே உயிர் போய் விட்டது. 3 வயது நிறைய இன்னும் 3 மாதம் இருந்தது.

தன் நோய்தான் பிள்ளையைக் கொண்டு போய் விட்டது என்ற எண்ணம் அவரை வாட்டியது. பெற்ற வயிறு எரிந்து கொண்டிருந்த நிலையிலும், அன்னா கணவரைத் தேற்ற வழி தேடினார். ஆப்டினா என்ற மடத்துக்கு அவரைப் போய் வரச் செய்தார். அங்கே அம்புரோஸ் என்ற முதிய துறவி இருந்தார். அவரைத் தனியே சந்தித்துப் பேசிய பிறகு, தாஸ்தாயெவ்ஸ்கி ஓரளவு மனம் தேறித் திரும்பினார்.

கதையில் வந்த தாய்

அடுத்த ஆண்டு "கரமாசோவ் சகோதரர்கள்" தொடர்கதையாக வரத் தொடங்கியது. கதாநாயகன் பெயர் அலியோஷா!

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் மடத்துக்கு வந்து கதறும் காட்சி அதில் வருகிறது. அவள் பிள்ளையின் பெயரும் அலெக்சி. அவனுக்கும் 3 வயது நிறைய 3 மாதம் பாக்கி. துறவி அவளை அழ வேண்டாம் என்று தடுக்கவில்லை. அந்த அழுகையே நாளடைவில் அமைதியான மகிழ்ச்சியாக மாறும் என்று ஆறுதல் சொல்கிறார்.

நாவலின் முடிவில் ஒரு சிறுவனின் சவ அடக்கம். மகனின் சின்னப் பூட்சுகளைக் கண்டு தகப்பன் துடிப்பதை, பிள்ளையைப் புதைத்தவர் அல்லாமல் வேறு யார் அப்படி எழுத முடியும்?

நாவலை அன்னாவுக்கே காணிக்கை ஆக்கினார். அது முடிந்து 3 மாதத்தில், 1881 பிப்ரவரியில் அவர் காலமானார்.

அன்னாவுக்கு அப்போது வயது 34. மறுமணம் செய்து கொள்ளவில்லை. கணவரின் புத்தகங்களைப் பதிப்பித்துக் கொண்டு, 1918-ம் ஆண்டு வரை வாழ்ந்தார்.