மரத்தடியில் எழுதிய பஷீர்



மலையாள நாவலாசிரியர் வைக்கம் முகம்மது பஷீர் 1908-ல் கேரளத்தில் தலயோலப்பறம்பில் பிறந்தார். படிக்கிற வயசுலயே சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்தார். 1930-ல் கோழிக்கோடு உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போய் ஜெயிலுக்கும் போனார். அப்புறம் பல வருசம் ஊர் ஊராகச் சுற்றி, கிடைச்ச வேலையெல்லாம் செய்தார்.

பிறகு பேப்பூரில் குடியிருந்தார். அந்த வீட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். முற்றத்தில் ஒரு மங்குஸ்தான் மரம். அடியில் சாய்வு நாற்காலி. பக்கத்துல கிராமபோன். பாட்டு கேட்பதும், வர்றவங்களோட பேசுவதும், எழுதுவதும் அங்கேதான்!

1959-ல் வந்த 'பாத்துமாவின் ஆடு' நாவலில், வீடு நிறைய ஆளுங்க, ஒரே சத்தம். அவர் எழுதிய புத்தகத்தையே ஆடு தின்னுடும்! அந்தச் சத்தத்தையே அவர் கதையாக்கிட்டார். 1982-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1994-ல் காலமானார்.

எங்க வீட்டில் மேசை கிடையாது, தம்பி தங்கச்சி சத்தம் வேற. அதையே காரணமாச் சொல்லி, கட்டுரை எழுதாம வந்திருக்கேன். இனிமே சொல்லமாட்டேன். இதை எங்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் எழுதினேன். நீங்களும் எழுதுங்க!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி