ஜோடி சேராத கதாநாயகி

சினிமாவில் கதாநாயகி என்றால், அவள் பக்கத்தில் ஒரு கதாநாயகன் நிற்பான். இருவரும் ஆடுவார்கள், பாடுவார்கள். கடைசியில் கல்யாணம் நடக்கும். படம் முடியும்.

ஆனால், ஏறத்தாழ 40 ஆண்டுகள் சினிமாவில் இருந்தும், எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிக்காத ஒரு நடிகை தமிழ்நாட்டில் இருந்தார். காதல் காட்சி கிடையாது. பட்டுப் புடவை கிடையாது. நகை கிடையாது. ஆயினும், அவருக்குக் கிடைத்த சம்பளமும் மரியாதையும் அந்த நாளில் பெரிய பெரிய நடிகர்களையும் வியக்க வைத்தன.

அவர்தான் கே.பி.சுந்தராம்பாள்.

25 வயதில் அவர் ஒரு சபதம் செய்தார். அந்தச் சபதம் அவருடைய கலை வாழ்க்கையையே முடித்துவிடும் என்று பலரும் எண்ணினார்கள். நடந்ததோ வேறு!

ரெயிலில் பாடிய சிறுமி

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-ம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். கொடுமுடி இப்போது ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது கோவை ஜில்லா.

தாயார் பெயர் பாலாம்பாள். வீட்டில் வறுமை. வயிற்றுப்பாட்டுக்கு வழி தேட வேண்டிய நிலை. சிறுமி சுந்தராம்பாளிடம் இருந்த ஒரே சொத்து அவருடைய குரல்.

ரெயில் வண்டியில் ஏறிப் பாடுவார். பயணிகள் கொடுக்கும் காலணா, அரையணாவை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். அப்படிப் பாடும்போது அவருடைய குரலைக் கேட்டு வியந்த ஒருவர், நாடகக் கம்பெனிக்கு வழிகாட்டினார் என்பார்கள்.

வேலு நாயர் நடத்திய நாடகக் கம்பெனியில் சுந்தராம்பாள் சேர்ந்தார். முதலில் கிடைத்தது சிறுவர் வேடம். ஆண் பிள்ளை உடையில் மேடை ஏறி அவர் பாடிய பாட்டைக் கேட்டுக் கொட்டகை கை தட்டியது.

அப்போது மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. இரவு தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். மண் தரையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூச்சல் போடுவான். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சுந்தராம்பாள் படித்தார். எழுத்து தேயாத உச்சரிப்பும், வானத்தைத் தொடும் குரலும் அங்கே கிடைத்தவை.

கிட்டப்பா

தமிழ் நாடகக் குழுக்கள் இலங்கைக்கும் போவது வழக்கம். அங்கே தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நாடகம் பார்ப்பார்கள். சுந்தராம்பாளும் இலங்கை சென்று பெரும் புகழ் பெற்றார்.

அந்தச் சமயம், தமிழ் மேடையில் கொடிகட்டிப் பறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. செங்கோட்டையைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே நாடகத்துக்கு வந்தவர். அவர் பாடினால், மூச்சு விடாமல் ஜனங்கள் கேட்பார்கள். அவரோடு நடித்தால் எந்த நடிகையின் குரலும் அமுங்கிப்போகும் என்று பேச்சு.

சுந்தராம்பாளின் குரல் அமுங்கவில்லை. ஒருவர் ஏறினால் மற்றவர் அதற்கு மேல் ஏறினார். "வள்ளி திருமணம்" போன்ற நாடகங்களில் இருவரும் போட்டி போட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டைக் கேட்பதற்காகவே ஊர் ஊராகப் பின்தொடர்ந்த ரசிகர்கள் உண்டு.

மேடைப் போட்டி காதலாக மாறியது. 1927-ம் ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர்.

கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மணமாகி இருந்தது. ஜாதியும் வேறு. அதோடு, நாடகத்தில் நடிக்கும் பெண் என்றால் ஊர் மதிக்காத காலம். ஆகவே, இந்த வாழ்க்கையில் இன்பத்தைப் போலவே துன்பமும் இருந்தது. பிறந்த குழந்தை தங்கவில்லை. கணவன் - மனைவிக்குள் மனத்தாங்கல் வந்தது. பிரிவும் வந்தது. கிட்டப்பாவின் உடல்நலமும் கெட்டது.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27.

சுந்தராம்பாளுக்கு வயது 25.

சபதம்

அன்று முதல் சுந்தராம்பாள் வெள்ளைக் கதர் உடுத்தினார். நகைகளைத் துறந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். இதுவே அவர் கோலம் ஆயிற்று.

இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார்.

இது எளிய முடிவு அல்ல. அவருக்குத் தெரிந்த தொழில் நடிப்பும் பாட்டும்தான். குடும்பமோ அவர் சம்பாத்தியத்தை நம்பி இருந்தது. நாடகத்தில் கதாநாயகி வேடத்தை விட்டால், சோற்றுக்கு வழி? 25 வயதுப் பெண்ணுக்குக் கிழவி வேடமா கொடுப்பார்கள்?

அதே நேரத்தில், தமிழ்நாட்டில் பேசும் சினிமா தலையெடுத்து வந்தது. பாடத் தெரிந்த நடிகைகளைப் பட முதலாளிகள் தேடி அலைந்தார்கள். ஆனால், அவர்களுக்கு வேண்டியது ஜோடியாக நடிக்கும் கதாநாயகி!

ஒரு லட்சம் ரூபாய்

"நந்தனார்" கதையைப் படமாக்க விரும்பிய ஹாசன்தாஸ் என்ற பட முதலாளி, சுந்தராம்பாளைத் தேடி வந்தார். நந்தனாராகவே அவர் நடிக்க வேண்டும் என்று கேட்டார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது சினிமாவில் ஆசை இல்லை. வந்தவரைத் திருப்பி அனுப்ப, யாரும் கொடுக்க முடியாத தொகை ஒன்றைக் கேட்டார் என்பது சினிமா உலகில் வழங்கும் செய்தி. அந்தத் தொகை ரூ.1 லட்சம்!

ஒரு சவரன் தங்கம் 30 ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. கேட்டவர் ஓடிப்போவார் என்று பார்த்தால், ஹாசன்தாஸ் ஒப்புக்கொண்டார். இந்திய சினிமாவில் ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கிய முதல் நட்சத்திரம் என்று சுந்தராம்பாளைச் சொல்வார்கள்.

1935-ம் ஆண்டு "நந்தனார்" வெளிவந்தது. சிதம்பரம் நடராஜனைத் தரிசிக்கத் துடிக்கும் பண்ணையாளாக, ஆண் வேடத்தில் சுந்தராம்பாள் நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

பட முதலாளி நினைத்த அளவுக்குப் படம் ஓடவில்லை. ஆனால், அவருடைய சபதத்துக்குப் பங்கம் வரவில்லை. ஆணுக்கு ஜோடியாக நடிக்க மறுத்தவர், ஆணாகவே நடித்துவிட்டார்!

அடுத்த படம் "மணிமேகலை." 1940-ம் ஆண்டு வெளிவந்தது. இளவரசன் விரும்பியும், அவனை ஏற்காமல் துறவு பூண்டு, அமுதசுரபியால் ஏழைகளுக்குச் சோறு போட்டவள் மணிமேகலை. அந்த வேடமும் சபதத்துக்குப் பொருந்தியது.

காங்கிரஸ் மேடையில்

அதன்பின் 13 ஆண்டுகள் சுந்தராம்பாள் நடித்த படம் எதுவும் வரவில்லை. அவருக்கு ஏற்ற வேடம் அமைவது அருமையாக இருந்தது.

சும்மா இருக்கவில்லை அவர். ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். காங்கிரஸ் மேடையில் தேசபக்திப் பாடல்களைப் பாடினார். தீரர் சத்தியமூர்த்தி அவரை இந்த வழிக்கு அழைத்து வந்தவர். தலைவர்கள் பேச வருவதற்கு முன்னால் சுந்தராம்பாள் பாடுவார். பாட்டுக்காக வந்த கூட்டம் பேச்சையும் கேட்டுவிட்டுப் போகும்.

காந்தியடிகள் கொடுமுடியில் சுந்தராம்பாள் வீட்டுக்கு வந்ததாகவும், தங்கத் தட்டில் அவருக்கு உணவு பரிமாறியதாகவும் சொல்வார்கள். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி வேடிக்கையாகக் கேட்க, தட்டையும் எடுத்துக் கொடுத்தாராம் சுந்தராம்பாள்.

1951-ம் ஆண்டு அவர் சென்னை மேல்சபை உறுப்பினர் ஆனார். இந்தியாவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் இடம் பெற்ற முதல் சினிமாக் கலைஞர் இவரே என்பார்கள். ரெயிலில் காலணாவுக்குப் பாடிய பெண், சட்டம் செய்யும் சபையில் உட்கார்ந்தார்!

அவ்வையார்

ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன், "அவ்வையார்" படத்தைப் பெரும் பொருட்செலவில் எடுத்தார். டைரக்டர் கொத்தமங்கலம் சுப்பு. அவ்வையார் யார் என்ற கேள்வி எழவே இல்லை. சுந்தராம்பாள்தான்!

அவ்வையார் கதை எல்லோருக்கும் தெரியும். இளம் பெண்ணாக இருந்தவள், தனக்குக் கல்யாணம் வேண்டாம், இளமையும் அழகும் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவி ஆனாள். பிறகு கோல் ஊன்றி, நாடெங்கும் நடந்து தமிழ் பாடினாள்.

இளம்பெண் அவ்வையாக நடித்தவர் குசலகுமாரி. கிழவியான பின் வருபவர் சுந்தராம்பாள். தன் இளமையைத் தானே ஒதுக்கி வைத்த பெண்ணின் கதையை, அதே காரியத்தைச் செய்த ஒருவர் நடித்தார். அதனால்தானோ என்னவோ, பார்த்தவர்களுக்கு அது நடிப்பாகத் தோன்றவில்லை.

1953-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி "அவ்வையார்" வெளிவந்தது. சினிமாவே பார்க்காத பெரியவர்களும், குழந்தை குட்டிகளோடு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். யானைகள் கூட்டமாக வந்து கோட்டையைத் தகர்க்கும் காட்சியைப் பற்றிப் பல நாள் பேசினார்கள். அவ்வைப் பாட்டி என்றால் சுந்தராம்பாள் முகம் என்று தமிழர் மனதில் பதிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 45-கூட நிறையவில்லை.

கவுந்தி அடிகள்

மீண்டும் 11 ஆண்டு இடைவெளி. 1964-ம் ஆண்டு "பூம்புகார்" வந்தது. சிலப்பதிகாரக் கதை. வசனம் மு.கருணாநிதி. எஸ்.எஸ்.ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. இருவரையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் சமணத் துறவி கவுந்தி அடிகளாக சுந்தராம்பாள் நடித்தார்.

அவர் பழுத்த காங்கிரஸ்காரர். நெற்றியில் திருநீறு குறையாத முருக பக்தை. கதை எழுதியவரோ தி.மு.கழகத் தலைவர்களில் ஒருவர். நடித்ததோ சமணத் துறவி வேடம். கட்சி வேறு, கலை வேறு என்று இரு தரப்பாரும் நடந்துகொண்டார்கள்.

திருத்தணி மக்களும் முருகன் படங்களும்

இதன் பிறகு, டைரக்டர் ஏ.பி.நாகராஜன் புராணப் படங்களை வரிசையாக எடுத்தார். 1965-ல் "திருவிளையாடல்." பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலை ஏறிய முருகனைச் சமாதானம் செய்யும் அவ்வையாக சுந்தராம்பாள் வந்தார். 1967-ல் "கந்தன் கருணை." அதிலும் அவ்வையார்.

திருத்தணி, கே.ஜி.கண்டிகை வட்டார மக்களுக்கு இந்தப் படங்கள் சொந்தக் கதை போன்றவை. சூரனை வென்று சினம் தணிந்த முருகன், வள்ளியோடு குடிகொண்ட மலை திருத்தணி. ஆந்திராவோடு இருந்த திருத்தணி, எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, வள்ளி மணத்தையும் காட்டும் "கந்தன் கருணை" வந்தது. மேடையில் வள்ளி நாடகம் நடித்த அதே சுந்தராம்பாள், திரையில் வள்ளி மணாளனைப் பாடினார்.

1969-ல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த "துணைவன்" படமும் முருகன் படமே. குழந்தை முருகனாக நடித்தவர் பேபி ஸ்ரீதேவி. இந்தப் படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டி இருந்தது. 1970-ல் மத்திய அரசு "பத்மஸ்ரீ" விருது வழங்கியது.

காரைக்கால் அம்மையார்

1973-ம் ஆண்டு "காரைக்கால் அம்மையார்" படம் வெளிவந்தது. இளம் வயதுப் புனிதவதியாக லட்சுமி நடித்தார். அம்மையாராக சுந்தராம்பாள்.

கணவன் தன்னைத் தெய்வம் என்று அஞ்சி விலகிவிட்டான் என்று தெரிந்ததும், அவனுக்காகத் தாங்கிய இந்த அழகு இனி வேண்டாம் என்று சிவபெருமானிடம் வேண்டிப் பேய் வடிவம் பெற்றவர் காரைக்கால் அம்மையார். கயிலை மலையில் கால் படக்கூடாது என்று தலையால் நடந்தவர். பிறகு இறைவன் நடனம் காண வந்து தங்கிய தலம் திருவாலங்காடு. அந்தத் திருவாலங்காடு இருப்பது திருத்தணிக்குப் பக்கத்தில்தான். கே.ஜி.கண்டிகைக்காரர்கள் போய் வரும் தூரம்.

அவ்வையார், கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார் எல்லோரும் தனியே நடந்த பெண்கள். அழகைக் காட்டிப் பிழைக்காமல், சொல்லாலும் பாட்டாலும் உயர்ந்தவர்கள். சபதம் செய்த நாளில் தமிழ் சினிமாவில் சுந்தராம்பாளுக்கு இடம் இருக்கவில்லை. அவருக்காகவே அந்த வேடங்கள் திரைக்கு வந்தன. மற்ற கதாநாயகிகள் 35 வயதில் ஓய்வு பெற்றபோது, அவர் 65 வயதிலும் படத்தின் பெயருக்கு உரியவராக நடித்தார்.

மொத்தத்தில் அவர் நடித்தவை ஏறத்தாழ ஒரு டஜன் படங்களே.

1980-ம் ஆண்டு கே.பி.சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா மறைந்து 46 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை அவர் வெள்ளைச் சேலையை மாற்றவில்லை. செய்த சபதத்தையும் மீறவில்லை.

ஆடிக் கிருத்திகை நாளில் காவடி எடுத்துத் திருத்தணி மலை ஏறும் பக்தர்களுக்கு அவருடைய குரலை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முருகனைப் பாடிய அந்தக் குரல் தமிழ்நாட்டுக் கோவில்களில் இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.